‘ஒருமுறை பார்க்கலாம்’ என்றால் என்ன அர்த்தம்?

படம் பார்த்துவிட்டு வந்தவரிடம் “எப்படி இருக்கு?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு சொற்கள்தான் கிடைக்கும். “பரவாயில்ல.” “செம.” “மொக்கை.” “ஒருமுறை பார்க்கலாம்.” கொஞ்சம் நீட்டிப் பேசுபவர் என்றால், “ஆரம்பம் சூப்பர், அப்புறம் இழுத்துட்டாங்க” என்பார். நூற்றுக்கணக்கான பேர் மாதக்கணக்கில் உழைத்த ஒன்றுக்குக் கடைசியில் கிடைப்பது ஒரு வரி. விமர்சகர்கள் இதைக் கேட்டு உதட்டைப் பிதுக்கலாம். ஆனால் நம்மில் பலர் அடுத்த படத்தைத் தேர்ந்தெடுப்பது இந்த ஒரு வரியை வைத்துத்தான். பக்கம் பக்கமாக எழுதப்பட்ட விமர்சனத்தை வைத்து அல்ல.

அந்த வரியை எவ்வளவு தூரம் நம்பலாம்? என் கட்சி இது: சாதாரணப் பார்வையாளர் “பிடித்தது”, “பிடிக்கவில்லை” என்று சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். “ஏனென்றால்…” என்று அவர் தொடங்கும்போதுதான் கொஞ்சம் உஷாராக வேண்டும்.

இது அவரைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்வது இல்லை. எல்லோருக்கும் உள்ள கோளாறு இது. 1977-ல் ரிச்சர்ட் நிஸ்பெட், திமோத்தி வில்சன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒன்றை ஏன் விரும்பினோம், ஏன் வெறுத்தோம் என்று மனிதர்கள் சொல்லும் காரணங்கள் எந்த அளவுக்குச் சரி என்று சோதித்த கட்டுரை. அதில் ஒரு சோதனை படம் பார்ப்பதைப் பற்றியது. சிலருக்கு ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் பார்த்துக்கொண்டிருந்தபோது அறைக்கு வெளியே மின்ரம்பம் ஓடுகிற சத்தம். மற்றவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. முடிந்ததும் எல்லோரும் மதிப்பெண் போட்டார்கள். சத்தத்தால் மதிப்பெண் குறையவில்லை. ஆனால் சத்தத்தோடு பார்த்தவர்களைக் கேட்டபோது, பாதிக்கும் மேற்பட்டவர்கள் “அந்தச் சத்தம் என் மதிப்பெண்ணைப் பாதித்தது” என்றார்கள்.

அவர்கள் பொய் சொல்லவில்லை. சத்தம் கேட்டது உண்மை, எரிச்சல் வந்ததும் உண்மையாகத்தான் இருக்கும். அப்படியென்றால் மதிப்பெண்ணும் அதனால்தான் குறைந்திருக்கும் என்று மனம் தானாகக் கணக்குப் போட்டுவிட்டது.

படத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லோருமே இதைச் செய்கிறோம். படம் ஏதோ ஒரு விதத்தில் மனதில் ஒட்டவில்லை. யாராவது ஏன் என்று கேட்டதும் கைக்கு எட்டுகிற காரணத்தை எடுத்து நீட்டுகிறோம். எப்போதும் கைக்கு எட்டுகிற மாதிரி இருப்பவை சில உண்டு: லாஜிக், நீளம், கிளைமாக்ஸ், நாயகனின் நடிப்பு. ஒரு காட்சி அரை நொடி தாமதமாக வெட்டப்பட்டதால் சிரிப்பு வராமல் போய்விட்டது என்று எந்தப் பார்வையாளரும் சொல்ல மாட்டார். நாம் துக்கப்படுவதற்கு முன்பே பின்னணி இசை அழுது முடித்துவிட்டது என்றும் சொல்ல மாட்டார். அவருக்கு அது தெரியாமல் இல்லை. உடம்புக்குத் தெரிந்திருக்கிறது, கொட்டாவி வந்திருக்கிறது. அதைச் சொல்ல வார்த்தைதான் கைவசம் இல்லை.

அதே வில்சன் வேறு சிலரோடு சேர்ந்து 1993-ல் செய்த இன்னொரு சோதனையும் இங்கே பொருந்தும். மாணவர்களுக்குச் சில சுவரொட்டிகளைக் காட்டி, பிடித்த ஒன்றை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னார்கள். சில சுவரொட்டிகள் புகழ்பெற்ற ஓவியங்கள், மற்றவை வேடிக்கைப் படங்கள். ஒரு குழு சும்மா பார்த்துத் தேர்ந்தெடுத்தது. இன்னொரு குழு ஏன் பிடிக்கிறது என்று காரணம் எழுதிவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். காரணம் எழுதியவர்கள் வேடிக்கைப் படங்களை அதிகமாக எடுத்தார்கள். சில வாரங்கள் கழித்து விசாரித்தபோது, தாங்கள் எடுத்ததில் அவர்களுக்குத்தான் திருப்தி குறைவாக இருந்தது. வேடிக்கைப் படம் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்வது எளிது, ஓவியம் ஏன் நன்றாக இருக்கிறது என்று சொல்வது கஷ்டம். ஆக, எளிதாகச் சொல்ல முடிந்தது ஜெயித்துவிட்டது.

சரி, அடிக்கடி கேட்கிற புகார்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். முதலில் “லாஜிக் இடிக்குது.” நாம் கொண்டாடிய படங்களிலும் லாஜிக் இடிக்கத்தான் செய்யும். அங்கே மட்டும் ஏன் கண்ணில் படவில்லை? 2000-ல் மெலனி கிரீன், திமோத்தி பிராக் என்ற இரண்டு உளவியலாளர்கள், வாசகர்களிடம் ஒரு கதையைக் கொடுத்து, பொய்யாகத் தோன்றும் இடங்களை வட்டமிடச் சொன்னார்கள். கதைக்குள் ஆழமாக மூழ்கியிருந்தவர்கள் குறைவான இடங்களையே வட்டமிட்டார்கள். கதை எல்லோருக்கும் ஒன்றுதான். இதைச் சினிமாவுக்குப் பொருத்திப் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது. ஓட்டை தெரிந்ததால் அவர் படத்திலிருந்து வெளியே விழவில்லை. ஏற்கெனவே வெளியே விழுந்துவிட்டதால் ஓட்டை தெரிந்தது. பூட்டிய கதவு எப்படித் திறந்தது என்று ஒருவர் கேட்டால், அந்தக் கதவை விட்டுவிடுங்கள். அதற்குப் பத்து நிமிடம் முன்னால் படம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பாருங்கள்.

அடுத்தது “ரொம்ப நீளம்.” இது இன்னும் சுவாரசியமானது. டேனியல் கானமன், பார்பரா ஃப்ரெட்ரிக்சன் என்ற உளவியலாளர்கள் 1993-ல் வெளியிட்ட ஆய்வில், மனதுக்கு இதமான துண்டுப் படங்களையும் அருவருப்பான துண்டுப் படங்களையும் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் குறுகிய வடிவம் ஒன்று, நீண்ட வடிவம் ஒன்று. பிறகு மொத்த அனுபவத்தை எடைபோடச் சொன்னபோது, எவ்வளவு நேரம் ஓடியது என்பது முடிவை மிகக் குறைவாகவே பாதித்தது. உணர்ச்சி உச்சத்தில் இருந்த கணமும் முடியும்போது இருந்த நிலையும்தான் கணக்கில் வந்தன. நினைவு கடிகாரத்தைப் பார்ப்பதில்லை, சில புகைப்படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொள்கிறது. மூன்று மணி நேரப் படத்தைப் பார்த்துவிட்டு நீளத்தைப் பற்றிப் பேச்சே எடுக்காதவர், ஒன்றரை மணி நேரப் படத்தை “இழுவை” என்பது அதனால்தான். அவர் சொல்லும் நீளம் நிமிடங்களைப் பற்றியதே இல்லை. பத்து நிமிடம் வெட்டினால் சரியாகிவிடும் என்று அதை எடுத்துக்கொள்கிற தயாரிப்பாளர், சில சமயம் படத்தில் இருந்த ஒரே மூச்சு விடும் இடத்தையும் வெட்டிவிடுகிறார்.

கிளைமாக்ஸ் பற்றி இதிலேயே வந்துவிட்டது. கடைசிப் பத்து நிமிடம் நன்றாக இருந்தால் முன்னால் இருந்த சலிப்பைப் பார்வையாளர் மன்னித்துவிடுகிறார் என்று சொல்வார்கள். மன்னிப்பதுகூட இல்லை, மறந்துவிடுகிறார்.

பார்வையாளரின் உணர்வு சரி, அவர் சொல்லும் மருந்து வேறு விஷயம் என்பதை ஹாலிவுட் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டது. படம் வெளியாகும் முன்பு பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டிக் கருத்துக் கேட்கும் பழக்கம் அங்கே வெகுகாலமாக உண்டு. 1982-ல் வந்த ‘பிளேட் ரன்னர்’ படத்தை அப்படிக் காட்டியபோது, புரியவில்லை, இருட்டாக இருக்கிறது, முடிவு பிடிக்கவில்லை என்ற மாதிரியான எதிர்வினை வந்தது. குழம்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு என்ன செய்தார்கள்? நாயகன் குரலில் விளக்கம் சேர்த்தார்கள், நாயகனும் நாயகியும் மலைகளுக்கு நடுவே காரில் போவது போல மகிழ்ச்சியான முடிவு ஒன்றை ஒட்டினார்கள். (அந்த மலைக் காட்சிகள்கூட இயக்குநர் ஸ்டான்லி குப்ரிக் தன் ‘தி ஷைனிங்’ படத்துக்காக எடுத்து மிச்சம் வைத்திருந்தவை.) அப்படியும் படம் ஓடவில்லை. 1992-ல் அந்தக் குரலும் அந்த முடிவும் நீக்கப்பட்ட வடிவம் வெளியானது. இன்று அறிவியல் புனைவுப் படங்களின் முன்வரிசையில் அந்தப் படத்தை வைத்துப் பேசுகிறார்கள்.

எதிர் உதாரணமும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். 1987-ல் வந்த ‘ஃபேட்டல் அட்ராக்ஷன்’ படத்தில், பழிவாங்கத் துடிக்கும் பெண் கதாபாத்திரம் தற்கொலை செய்துகொண்டு, பழியை நாயகன் மேல் விழ வைப்பதுதான் முதலில் எடுத்த முடிவு. வெளியாகும் முன்பு போட்டுக் காட்டியபோது பார்த்தவர்களுக்கு அது திருப்தி தரவில்லை. அந்தப் பெண் கண்முன்னே தண்டிக்கப்பட வேண்டும் என்ற வெறி அவர்களிடம் இருந்தது. அந்த வேடத்தில் நடித்த கிளென் க்ளோஸ் எதிர்த்தும், முடிவு மாற்றி எடுக்கப்பட்டது. படம் அந்த ஆண்டின் மாபெரும் வெற்றிகளில் ஒன்றானது. கலையாகப் பார்த்தால் எந்த முடிவு மேல் என்று இன்றும் சண்டை போடலாம். நான் முதல் முடிவின் பக்கம்.

இனி எதிர்பார்ப்பு. என்னைக் கேட்டால், பார்வையாளர் கருத்தில் பாதி இங்கே இருக்கிறது. ஒருவர் படத்தை மட்டும் எடைபோடுவது இல்லை, தான் பார்க்கப்போவதாக நினைத்த படத்துக்கும் பார்த்த படத்துக்கும் நடுவே உள்ள தூரத்தை எடைபோடுகிறார். அமெரிக்காவில் சினிமாஸ்கோர் என்று ஒரு நிறுவனம் இருக்கிறது. எட் மின்ட்ஸ் என்பவர் 1970-களின் கடைசியில் தொடங்கியது. படம் வெளியாகும் நாளில் திரையரங்குக்கு வந்தவர்களிடம் அட்டையைக் கொடுத்து, ஏ பிளஸ் முதல் எஃப் வரை மதிப்பெண் கேட்பார்கள். அந்த மதிப்பெண்களை முதல்முறை பார்ப்பவருக்கு ஆச்சரியமாக இருக்கும். பள்ளியில் ‘பி’ வாங்கினால் நல்ல மாணவன், இங்கே ‘பி’ என்றால் சுமார், ‘சி’ என்றால் சங்கடம். காரணம் லேசானது: முதல் நாளே ஓடி வருபவர்கள் அந்தப் படத்தை விரும்பத் தயாராக வந்தவர்கள். அவர்களே முகம் சுளித்தால் ஏதோ பெரிதாகத் தவறியிருக்கிறது.

2017-ல் டேரன் அரோனாஃப்ஸ்கி இயக்கிய ‘மதர்!’ படத்துக்கு அங்கே எஃப் கிடைத்தது. விமர்சகர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் அதே படத்தைப் பாராட்டியிருந்தார்கள். யார் சரி என்று கேட்பது வீண். விளம்பரங்கள் திகில் படத்தின் வாசனையோடு இருந்தன. உள்ளே இருந்ததோ உருவகக் கதை. திகில் படம் பார்க்க வந்து உட்கார்ந்தவர் எஃப் போட்டது படத்துக்கு மட்டும் இல்லை, தனக்குக் கொடுத்த வாக்குறுதிக்கும் சேர்த்துத்தான்.

இதற்கு நேர் எதிரான கதை ‘தி ஷாஷாங்க் ரிடெம்ப்ஷன்’. 1994-ல் சுமார் 2.5 கோடி டாலர் செலவில் எடுத்த படம் முதல் சுற்றில் அமெரிக்காவில் ஏறத்தாழ 1.6 கோடி டாலர்தான் வசூலித்தது. ஏழு ஆஸ்கர் பரிந்துரைகள் வந்தன, ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு வீடியோவிலும் தொலைக்காட்சியிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஏதோ சேனலை மாற்றும்போது கண்ணில் பட்டு, எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தவர்கள் எத்தனையோ பேர். எந்த எதிர்பார்ப்பும் இல்லாமல் வந்து மாட்டிக்கொண்டவர்கள் அவர்கள். ஐஎம்டிபி என்ற சினிமாத் தகவல் தளத்தின் பயனர்கள் போட்ட மதிப்பெண் பட்டியலில் அந்தப் படம் பல ஆண்டுகளாக முதல் இடத்தில் நிற்பதில் இதற்குப் பங்கு இருக்கிறது என்றே நினைக்கிறேன். “நீ பார்த்தே ஆகணும், இந்த மாதிரி படமே வந்ததில்ல” என்று நண்பருக்கு நாம் செய்யும் சிபாரிசு, அந்த அனுபவத்தை அவருக்கு இல்லாமல் ஆக்கிவிடுகிறது. நல்ல எண்ணத்தில் செய்வதுதான்.

கூட உட்கார்ந்திருப்பவர்களும் கணக்கில் வருவார்கள். சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரோவைன், மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிட மற்றவர்களோடு இருக்கும்போது சுமார் முப்பது மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள் என்று கண்டார். நிறைந்த அரங்கில் விழுந்து விழுந்து சிரித்த நகைச்சுவைப் படத்தை வீட்டில் தனியாகப் போட்டுப் பார்த்து, “இதுக்கா அப்படிச் சிரிச்சோம்?” என்று திகைத்த அனுபவம் பலருக்கு இருக்கும். எனக்கும் உண்டு, ஆனால் அழுகையில். காய்ச்சலோடு படுத்திருந்த ஒரு மாலை ஒரு படம் பார்த்துத் தேம்பித் தேம்பி அழுதேன். மறுவாரம் போகிறவர் வருகிறவரிடம் எல்லாம் சிபாரிசு செய்தேன். உடம்பு தேறிய பிறகு மறுபடி பார்த்தால், கண் ஓரம்கூட ஈரமாகவில்லை. சிபாரிசு கேட்டுப் பார்த்தவர்கள் கண்ணியமானவர்கள், ஒன்றும் சொல்லவில்லை.

மற்றவர்கள் என்ன சொன்னார்கள் என்பது காதில் விழுந்துவிட்டால் நம் கருத்து எவ்வளவு நம்முடையது? சால்கனிக், டாட்ஸ், வாட்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2006-ல் இதைப் பாடல்களை வைத்துச் சோதித்தார்கள். அறியப்படாத 48 பாடல்கள், 14,000-க்கும் அதிகமான ஆட்கள். சிலருக்குப் பாடல் மட்டும். மற்றவர்களைத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாடல் எத்தனை முறை பதிவிறக்கப்பட்டது என்பதையும் காட்டினார்கள். ஒவ்வோர் உலகத்திலும் வேறு வேறு பாடல்கள் மேலே ஏறின. மிக நல்லவை அடியோடு வீழ்வதும் மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிது. நடுவில் இருந்தவற்றுக்கு எதுவும் நடக்கலாம் என்ற நிலை. நாம் பார்க்கும் படங்களில் பெரும்பாலானவை அந்த நடுவில் இருப்பவைதானே. முதலில் பேசிய நான்கு பேர் யார் என்பதில் அவற்றின் விதி தொங்குகிறது.

எண்களாக மாறும்போது கருத்து இன்னும் கொஞ்சம் வேஷம் போடுகிறது. விமர்சனங்களைத் திரட்டும் ராட்டன் டொமேட்டோஸ் இணையதளம் தரும் சதவீதத்தைப் படத்தின் மதிப்பெண் என்று நினைப்பவர்கள் நிறைய. அது எத்தனை விமர்சகர்களுக்குப் பிடித்தது என்ற விகிதம். பத்துப் பேரில் ஒன்பது பேர் “பரவாயில்ல, பார்க்கலாம்” என்றால் 90 வந்துவிடும். பத்துப் பேரில் ஆறு பேர் உயிரை விடும் அளவுக்கு ரசித்து, நான்கு பேர் திட்டினால் 60-தான். எனக்கு எப்போதும் இரண்டாவது படத்தைப் பார்க்கத்தான் ஆசை வரும். நட்சத்திரங்களிலும் இதே கதை. நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் ஐந்து நட்சத்திர முறையைக் கைவிட்டு, கட்டைவிரலை உயர்த்துவது, தாழ்த்துவது என்று மாற்றியது. ஜனங்கள் கனமான ஆவணப்படங்களுக்கு அதிக நட்சத்திரம் கொடுத்துவிட்டு, பொழுதுபோகாத இரவில் போட்டுப் பார்ப்பது லேசான நகைச்சுவைப் படங்களை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நட்சத்திரம் கொடுக்கும்போது நாம், எதை ரசிக்கிற ஆளாகத் தெரிய விரும்புகிறோமோ அந்த ஆளாக மாறிவிடுகிறோம்.

இப்போது ‘ஒருமுறை பார்க்கலாம்’ என்பதற்கு வருகிறேன். இது படத்தைப் பற்றிய கருத்துதானா என்றே எனக்குச் சந்தேகம். ஒரு படத்தைச் சிபாரிசு செய்வது ஜாமீன் கையெழுத்து போடுவது மாதிரி. “நல்லா இருக்கு, பாரு” என்று சொல்லி நீங்கள் பார்த்து, உங்களுக்குப் பிடிக்காமல் போனால், வீணான இரண்டு மணி நேரத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். என் ரசனையும் அடிவாங்கும். “பார்க்காதே” என்று சொல்லி, பிறகு உலகமே கொண்டாடினால் அதுவும் அசிங்கம். ‘ஒருமுறை பார்க்கலாம்’ இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைக்கிறது. “எனக்குப் பிடிச்சுது, ஆனா உனக்கு எப்படின்னு தெரியல” என்பதும் அதே ரகம், என்ன, அதில் கொஞ்சம் நேர்மை கூடுதல். இந்த மாதிரிச் சொற்கள் வந்தால், சொல்பவர் படத்தைவிட உங்களைப் பற்றித்தான் அதிகம் யோசித்துக்கொண்டிருக்கிறார். ‘செம’வும் ‘மொக்கை’யும் வாயிலிருந்து தானாக விழுகின்றன, ‘ஒருமுறை பார்க்கலாம்’ யோசித்துச் சொல்வது. அதனாலேயே எனக்கு முன்னவற்றில் நம்பிக்கை அதிகம்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. நகை (சிரிப்பு), அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு வகை மெய்ப்பாடுகளை அது சொல்கிறது. மெய் என்றால் உடம்பு. உள்ளே எழுந்தது உடம்பில் தெரிவது மெய்ப்பாடு. பார்வையாளர் கருத்தைத் தேட வேண்டிய இடமும் அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் கேட்டால் மனம் கதை கட்டும். உடம்பு அவ்வளவு சாமர்த்தியம் இல்லாதது. எங்கே நிமிர்ந்து உட்கார்ந்தார், எங்கே நெளிந்தார், எங்கே பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தார் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. எட்டு மெய்ப்பாட்டில் ஒன்றும் எழாவிட்டால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய் போனை எடுக்கும்.

அதனால் நான் இப்போதெல்லாம் “படம் எப்படி?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். போன வாரம் ஒரு நண்பர் புதுப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, கேட்காமலேயே “லாஜிக்கே இல்ல, ரொம்ப நீளம், சுமார்தான்” என்றார். எந்த இடத்தில் போனை எடுத்தாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் மேலே பார்த்து யோசித்தார். “ஆரம்பத்துல ரெண்டு தடவை எடுத்தேன்,” என்றார். அப்புறம்? “அப்புறம்… எடுக்கல. அந்தக் கிழவி வந்ததுக்கு அப்புறம் எடுக்கவே இல்ல.”

யார் அந்தக் கிழவி என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரியே படத்தைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.